ரொனால்டு போன இடம்

நிலக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், திண்டுக்கல்லின் கடைகள் ஓய்ந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில், ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளி இருக்கிறது. அதில் முதல் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றுபவர் சகாயசெல்வி. நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர். கீழே எழுதியிருப்பவை அவரிடமும், பள்ளித் தலைமையாசிரியர் ஸ்தனிஸ்லாஸிடமும் தனித்தனியே கேட்டறிந்தவை. இருவர் கூற்றும் எங்கும் முரண்படவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், யார் முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்பதில், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்.

சகாயசெல்வியின் தகப்பனார் ஆண்டனிராஜ் ஆசிரியர், அண்ணனும் ஆசிரியர், மணம்செய்து போன வீட்டிலும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். உடன் பணியாற்றுவோர் ஆண்டுதோறும் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ள, இவர் மட்டும் முதல் வகுப்பையே கேட்பார். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், முதல் வகுப்பில்தான் படிக்கவே தொடங்குகிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். ஒரு சொல்லைக் கைதட்டிக் கைதட்டி எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கு, ஏதோ ஒரு நொடியில் அது முழுச் சொல்லாகிக் கண்ணில் தெரியும். அப்போது அதன் புருவம் இரண்டும் மேலே ஏறும். அதைப் பார்ப்பதற்குத்தான் தமக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சென்ற ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலும் அவர் வழக்கம்போல் வகுப்பறையைச் சித்தப்படுத்தினார். விரலால் எழுதிப் பழக மணல் பரப்பிய தட்டுகள், படமும் பெயரும் ஒட்டிய அட்டைகள், நூலில் தொங்கும் எழுத்துகள் எல்லாம் ஆயத்தமாயின. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயர் எழுதிய பட்டை ஒன்று உண்டு. காலையில் உள்ளே வந்ததும், மேசைமேல் பரப்பியிருக்கும் பட்டைகளில் தன் பெயரைத் தானே கண்டெடுத்துச் சுவர் ஆணியில் மாட்ட வேண்டும். பிள்ளை முதன்முதலில் படிப்பது தன் பெயரையே என்பதால் இந்த ஏற்பாடு.

அந்த ஆணிகளுக்கு மேலே புதிதாக மூன்று படங்களை அவரே வரைந்து ஒட்டினார். மூன்றும் மல்லிகை. கீழ் வரிசையில் பச்சையும் வெள்ளையுமான சிறு அரும்பு. நடு வரிசையில் பருத்த மொட்டு. உச்சி வரிசையில் இதழெல்லாம் விரிந்த பூ. எழுத்துகளை அடையாளம் காணும் பிள்ளையின் பட்டை அரும்பின் கீழ்த் தொங்கும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கத் தெரிந்தால் மொட்டு. ஒரு வரியைத் துணையின்றிப் படித்தால் விரிந்த பூ. பூ நன்றாக அமைந்துவிட்டது என்று தலைமையாசிரியரே வந்து பார்த்துப் பாராட்டினார்.

அவ்வகுப்பில் இருவகைப் பிள்ளைகள். நாகல் நகர்ப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் வருவோர் ஒரு வகை. அவர்கள் மழலையர் வகுப்பு படித்தவர்கள். பூத்தோட்டங்கள் உள்ள கிராமங்களிலிருந்து வேனில் வருவோர் மற்றொரு வகை. அவர்களில் பலருக்கு அதுவே முதல் பள்ளி. வேனில் வந்தவர்களில் ஒருத்தி தமிழ்மதி. அவள் தகப்பன் மோகன்குமார் சொந்தத் தோட்டத்தில் மல்லிகை பயிரிட்டு, பறித்த பூவை நாள்தோறும் நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பவர்.

முதல் நாளே அவள் ஆசிரியையை அதிரவைத்தாள். மதிய உணவுப் பாத்திரத்தை அவள் ஒரு மஞ்சள் துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். அதன்மேல் ஒரு பூக்கடையின் பெயர் அச்சடிக்கப்பட்டிருந்தது. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டி, ‘நிலக்கோட்டை பூ கமிஷன் மண்டி’ என்று தனக்குள் படித்துக்கொண்டிருந்தாள். சகாயசெல்விக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியதைச் சொல்கிறாள் என்று எண்ணி, பையைத் திருப்பி, அடியில் சிறிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். அவள் சற்று நேரம் உற்றுப்பார்த்து, அதையும் படித்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, வீட்டில் இதுபோல் பை நிறைய இருக்கிறது என்பதே விடையாக வந்தது.

ஆயினும் அவர் அவளை உடனே உச்சிக்கு ஏற்றவில்லை. எல்லோரையும்போல் படிப்படியாகப் போகட்டும் என்று அரும்பில் தொடங்கி, அடுத்த வாரமே மொட்டுக்கு மாற்றினார். பட்டையை மாட்டும்போது தமிழ்மதி சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள் என்பது அவருக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போது அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

விரிந்த பூவின் கீழ் முதலில் சென்றவன் ரொனால்டு என்னும் நாகல் நகர்ப் பையன். வேன் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு திரிபவன். தமிழ்மதிக்கு அடுத்த இடம் அவனுடையது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் எழுந்து நின்று கதைப் புத்தகத்தில் ஒரு வரியைத் தடங்கலின்றிப் படித்தான். வகுப்பே கைதட்ட, ஆசிரியை அவனைத் தூக்கிப்பிடித்து உச்சி ஆணியில் பட்டையை மாட்டச் செய்தார்.

மறுநாள் சனிக்கிழமை. ரொனால்டின் தகப்பன் சிலுவைமுத்து அலுவலகத்துக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டார். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்ததால், குடும்பம் அன்றே பழனிப் பக்கம் புறப்பட்டது. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் இதைச் சகாயசெல்வியிடம் தெரிவித்தார். ஆசிரியை ஒழுங்கு தவறாதவர். வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாக உச்சி ஆணியிலிருந்து ரொனால்டின் பட்டையை எடுத்து, இரண்டாக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கதை சொல்லத் தொடங்கினார். அவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்து தமிழ்மதி படிப்பதை நிறுத்திவிட்டாள்.

‘படம்’ என்று எழுதிக் காட்டினால் வாய் திறப்பதில்லை. மணல் தட்டில் ‘ட’ போடச் சொன்னால் கோடு ஒன்றைக் கிழித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். தன் பெயர்ப் பட்டையைக்கூட மேசைமேல் தேடுவதுபோல் தேடி, வேறொரு பிள்ளையின் பட்டையை எடுத்து நீட்டினாள். முதலில் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்த ஆசிரியை, நாளாக நாளாகக் கலங்கினார். ஒருநாள் அந்த மஞ்சள் பையையே எடுத்து அவள்முன் விரித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினாள். கண்ணுக்கு நேரே ஒரு பிள்ளையின் எழுத்தறிவு அழிந்துபோவதை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை, கேள்விப்பட்டதுமில்லை.

அதோடு நிற்கவில்லை. வேனில் வரும் வேறு சில பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக மந்தமானார்கள். நேற்றுக் கூட்டிப் படித்ததை இன்று படிக்கவில்லை. ஆட்டோப் பிள்ளைகளோ ஒவ்வொருவராக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ராபின் உச்சிக்குப் போனான், நான்சி போனாள். ஒரே கூரை, ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியை. தம் கற்பித்தலில் ஏதோ முறிந்துவிட்டது என்று சகாயசெல்வி அஞ்சினார்.

தமிழ்மதியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லி வீட்டுக்குத் தகவல் அனுப்பப்பட்டது. கண்ணிலும் காதிலும் குறையில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் இரக்கம் இல்லாதவர் அல்லர். ஆனால் காலம் கடத்த விரும்பாதவர். ஓராண்டு மழலையர் வகுப்பில் உட்காரட்டும், அடுத்த ஜூனில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, தகப்பனை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரச்சொன்னார். அப்படிக் கீழே இறக்கினால் மகளைப் பள்ளிக்கே அனுப்பப்போவதில்லை, தாயோடு பூப்பறிக்கப் போகட்டும் என்று மோகன்குமார் சொன்னதாக வேன் ஓட்டுநர் நூர் முகமது முன்னமே சகாயசெல்வியிடம் சொல்லியிருந்தார். ஆகவே அந்த மாலையில் கையெழுத்து விழுந்தால், அந்தப் பிள்ளையின் படிப்பு அதோடு முடிந்தது என்பது ஆசிரியைக்குத் தெரியும். வேண்டாம் என்று வாதிட அவரிடம் ஒரு சான்றும் இல்லை. பை நிறைய எழுத்தைப் படித்தவள் இவள் என்று சொன்னால், அதைப் பார்த்த சாட்சியும் அவர் ஒருவர்தான்.

மோகன்குமார் சந்தையிலிருந்து நேராக வந்தார். சட்டையில் பூவாசம். பள்ளி விட்ட பிறகு முதல் வகுப்பு அறையிலேயே மூவரும் உட்கார்ந்தார்கள். தமிழ்மதி தகப்பன் பக்கத்தில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியர் தட்டச்சு செய்த கடிதத்தை மேசைமேல் வைத்து, நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். தகப்பன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சு முடிந்ததும் ஆசிரியைப் பக்கம் திரும்பினார்.

“ஏன் டீச்சர், அந்த விரிஞ்ச பூவ எதுக்கு உச்சியில வச்சிருக்கீக?”

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் இடம் அது என்று சகாயசெல்வி சொன்னார். எழுத்துத் தெரிந்தால் அரும்பு, சொல் படித்தால் மொட்டு, வரி படித்தால் பூ.

மோகன்குமார் படத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தார். “எங்க தோட்டத்துல அது கழிவு, டீச்சர்” என்றார்.

பிறகு அவர் விளக்கியதன் சுருக்கம் இது. விடியுமுன்னே பறிப்பது மொட்டைத்தான். மொட்டாகச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. வழியில் பூ ஏற்றிய வேன் பழுதாகி நேரமாகிவிட்டால், கூடைக்குள்ளேயே பூ வாய்விட்டு விரிந்துவிடும். அதன்பின் அதை எடுப்பாரில்லை. வரத்து மிகுந்த நாள்களில் விரிந்ததைக் கூடையோடு சாலையோரத்தில் கொட்டிவிட்டு வருவார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அப்படி ஒருநாள், தமிழ்மதியும் வேனில் உடன் சென்றிருந்தாள். வீட்டிலும், மொட்டாக இருக்கையில் பறிக்காமல் விட்டால் தாய் திட்டுவது விரிந்துவிடும் என்றுதான்.

நாகல் நகரில் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகுமுன் பூக்காரம்மாவிடம் மொட்டாகப் பார்த்து முழம்போட்டு வாங்குபவர்தாம் சகாயசெல்வி. விரிந்ததை அவரே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் கையால் ஒதுக்கிய பூவும் சுவரில் தாம் வரைந்த பூவும் ஒன்று என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

மோகன்குமார் மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“ஏத்தா, மேல போனா என்ன பண்ணுவாக?”

தமிழ்மதி ஆசிரியையைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

“கொட்டிருவாக.”

“யாரக் கொட்டுனாக?”

“ரொனால்ட” என்றாள். “டீச்சர்தேன் குப்பைல போட்டாக. மறுக்கா அவன் வரல.”

சகாயசெல்வி மூலைப் பக்கம் திரும்பினார். மடித்துப் போட்ட பட்டை, மூலையில் இருந்த பச்சைத் தொட்டி, அன்று வட்டமாக உட்கார்ந்து தம்மையே பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் யாவும் அவர் கண்முன் வந்து நின்றன. ராபினும் நான்சியும் உச்சிக்குப் போனபோது வேன் பிள்ளைகள் கைதட்டாமல் அவர்களையே வெறித்துப் பார்த்ததும் அப்போதுதான் விளங்கியது. எப்போது கொட்டுவார்கள் என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலாக.

தாம் சொன்னால் அந்தப் பிள்ளை நம்பாது என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்கிறார். அலுவலகப் பதிவேட்டிலிருந்து எண்ணைக் கேட்டு வாங்கிச் சிலுவைமுத்துவைத் தொலைபேசியில் அழைத்தார். மகனிடம் கொடுக்கச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மூவரும் எழுந்து அதைச் சுற்றி நின்றார்கள். தமிழ்மதி பையைக் கீழே வைக்காமலே குனிந்து அதனருகில் வாயைக் கொண்டுபோனாள்.

“ஏலே ரொனால்டு, ஒன்னைய எங்க கொட்டுனாக?”

“எதக் கொட்டுனாக?”

“ஒன்னையத்தேன்.”

“போடி லூசு. நா ஆயக்குடில இருக்கேன். கொய்யாக்கா தின்னுக்கிட்டிருக்கேன்.” வாயில் எதையோ மெல்லும் ஓசையும் கேட்டது. “இங்க டீச்சர் என்னையவே வாங்க போங்கங்குறாங்க.”

“படிக்கிறியா?”

“படிக்கிறேன்.”

“படிச்சபொறகும் ஒன்னும் செய்யலியா?”

“இனிமே தெனமும் நீங்கதேன் படிச்சுக் காட்டணும்னு சொல்லிட்டாங்க” என்று அவன் அலுத்துக்கொண்டான்.

தமிழ்மதி நிமிர்ந்தாள். சற்று நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தரையில் வைத்தாள். மேசைமேல் தலைமையாசிரியரின் கடிதம் அவளுக்குத் தலைகீழாகக் கிடந்தது. அதை இரண்டு கையாலும் தன்பக்கம் திருப்பி, விரலை வைத்தாள். நல்ல வெளிச்சமான மாலை. எழுத்தெழுத்தாகக் குரல் வந்தது.

“தமிழ்மதி... என்னும்... மாணவி...”

அவள் நிறுத்தவில்லை. தெரியாத கூட்டெழுத்து வந்தபோது முணுமுணுத்துப் பார்த்து, கடந்து போனாள்.

“எழுத்துகள்... அறியாத... காரணத்தால்...”

இந்த இடத்தில்தான் நாற்காலி. தலைமையாசிரியர் உட்கார்ந்துவிட்டார் என்று சகாயசெல்வி சொல்கிறார். ஆசிரியைதாம் உட்கார்ந்தார் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்கிறார். மோகன்குமார் மட்டும் நின்றபடியே, மகள் படிப்பதைக் கடைசி வரிவரை கேட்டார். அவருக்கு அந்த எழுத்துகள் வேகமாக ஓடா. அவள் விரலோடு அவர் கண்ணும் போயிற்று. முடிந்ததும் கடிதத்தை எடுத்துத் தலைமையாசிரியரிடமே நீட்டினார்.

“இத நீங்களே வச்சுக்கங்க சார். நா இதுல என்னத்தக் கையெழுத்துப் போட?”

ஸ்தனிஸ்லாஸ் அதைக் கிழித்தார். குப்பைத்தொட்டியை நோக்கி எழுந்தவர், பாதியில் நின்று, கிழித்த தாளைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் அந்தத் தொட்டியில் எதையும் போட அவருக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலை சகாயசெல்வி முதல் பேருந்தில் நிலக்கோட்டைக்குச் சென்றார். இத்தனை ஆண்டு அந்தச் சாலையில் பணியாற்றியும் பூச்சந்தைக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. வேன்கள் வந்து நின்ற வண்ணம் இருந்தன. தராசுகளின்மேல் மொட்டு மலையாகக் குவிந்து, கண்ணெதிரே வெளியூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. வாயிலுக்கு வெளியே, சாக்கடையை ஒட்டி, விரிந்த மல்லிகை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஆடொன்று அதில் நின்றுகொண்டிருந்தது. வாசம் மட்டும் குறையவில்லை. மறுபுறம் போக அதன்மேல்தான் வழி. அவர் தயங்கி நிற்பதைக் கண்டு, வெற்றுக்கூடையோடு வந்த பெண்ணொருத்தி, “மிதிச்சுட்டுப் போங்கம்மா, விரிஞ்சதுதேன்” என்று சொல்லிவிட்டு, தாமே அதன்மேல் நடந்து போனார். சகாயசெல்வி சுற்றிக்கொண்டு போனார். அதில் கால்வைக்க முடியவில்லை என்று எங்களிடம் சொன்னார். தாம் உச்சியில் ஏற்றிவைத்தது எது என்பதை அந்தப் பிள்ளைகள் சுவரைப் பார்த்த முதல் நாளே படித்துவிட்டார்கள், தமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்றார்.

திங்கட்கிழமை சுவரில் படங்கள் இல்லை. எல்லாப் பட்டைகளும் ஒரே வரிசையில், யாருக்கும் மேலும் கீழும் இன்றி மாட்டப்பட்டன. ரொனால்டுக்கும் புதிதாக ஒரு பட்டை எழுதி மாட்டினார். அதன் கீழே ஆயக்குடி என்று எழுதியிருந்தது. வேன் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று ஊர்ப்பெயரைக் கைதட்டிப் பிரித்துப் படித்தார்கள். அடுத்த நாள்களில் அவர்களுக்கு மறந்துபோயிருந்த எழுத்துகளெல்லாம், எங்கும் போகாமல் இருந்த இடத்திலிருந்தே வெளியே வந்தன.

அன்றிலிருந்து அவர் வருகைப் பதிவு எடுக்கும் முறையும் மாறியது. வராத பிள்ளையின் பெயரைக் கடந்து போவதில்லை. ராபினுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருக்கிறான்; நான்சி அத்தை திருமணத்துக்கு வத்தலக்குண்டு போயிருக்கிறாள், புதன்கிழமை வருவாள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். தெரியாவிட்டால் வீட்டுக்கு அழைத்துக் கேட்டுச் சொல்வார். அதன்பிறகே பாடம்.

இவ்வாண்டு தைப் பொங்கல் கழிந்து ஒருநாள், பல்வலி தாங்காமல் அவர் விடுப்பு எடுத்தார். மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அழைத்தவர் ஸ்தனிஸ்லாஸ். தாம் முதல் வகுப்பில் நிற்பதாகவும், ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் திறக்க மறுப்பதாகவும் கூறினார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், “நீங்க எங்க இருக்கீங்கன்னு நா சொன்னா நம்ப மாட்டேங்குதுக, டீச்சர். நீங்களே சொல்லிருங்க” என்றார்.

பின்னாலிருந்து, டீச்சர் எங்கே என்று கேட்கும் தமிழ்மதியின் குரல் வந்தது. மற்றக் குரல்களும் அடங்கின. பாதி வாய் மரத்துப்போயிருந்த சகாயசெல்வி, மருத்துவரைக் கையமர்த்திவிட்டு, தாம் இருக்கும் தெரு, கட்டடம், மாடி, பிடுங்கப்போகும் பல், திரும்பிவரும் நாள் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.